டயட் முடிந்த பிறகு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி: எடையை நிறுத்தி வைக்கும் கணக்கு

எடையைக் குறைக்க வழி சொல்வதற்கு ஊரில் ஆட்கள் ஏராளம். குறைத்த எடையிலேயே நிற்பதற்கு எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று கேட்டால் மட்டும், "இனிமே பார்த்துச் சாப்பிடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பார்த்து என்றால் எவ்வளவு என்பதுதான் கேள்வி. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுபவன். வீடு பெருந்துறைப் பக்கம். 82 கிலோவிலிருந்து 70 சொச்சத்துக்கு இறங்க எனக்குப் பதினொரு மாதம் பிடித்தது. அதற்கு முன்பு ஒருமுறை இதே போல் இறங்கி, அடுத்த தீபாவளிக்குள் இறங்கியதை எல்லாம் திரும்ப ஏற்றிக்கொண்டவன் என்பதால், இரண்டாம் முறை இறங்கி முடித்ததும் சாப்பாட்டை அவிழ்த்துவிடாமல், எவ்வளவு தின்றால் எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் என்பதைத் தொழில்முறையிலேயே, அதாவது வரவு செலவு பார்த்தே, கண்டுபிடிக்க முடிவு செய்தேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சொல் விளக்கம் ஒன்றே ஒன்று போதும். பாக்கெட்டுகளில் கிலோகலோரி என்று அச்சிட்டிருப்பதைத்தான் நாம் பேச்சில் கலோரி என்கிறோம். இந்தக் கட்டுரையிலும் அப்படியே. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தருகின்றன.

முதலில் சூத்திரம்

உடல் சும்மா படுத்திருந்தாலும் மூச்சு விடவும், இரத்தம் ஓடவும், சூடு காக்கவும் ஒரு செலவு ஆகிறது. அதை மதிப்பிட 1990இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. கிலோவில் உள்ள எடையை 10ஆல் பெருக்கி, சென்டிமீட்டரில் உள்ள உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். வரும் தொகையோடு ஆண்கள் 5ஐக் கூட்டவும், பெண்கள் 161ஐக் கழிக்கவும் வேண்டும். என் எடை அப்போது 70.5 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர், வயது 46. ஆகவே 705, அதோடு 1,062.5, அதிலிருந்து 230 போக 5 கூட, ஏறத்தாழ 1,542 கலோரி.

இது படுத்திருக்கும் செலவு. நடமாட்டத்துக்காக இதை இன்னோர் எண்ணால் பெருக்குகிறார்கள்: நாள் முழுக்க உட்கார்ந்த வேலை என்றால் 1.2, கொஞ்சம் நடையும் லேசான உடற்பயிற்சியும் இருந்தால் 1.375, நடுத்தர உழைப்பு என்றால் 1.55, கடுமையான உழைப்பு என்றால் 1.725. தவறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் புகுகிறது, ஏனென்றால் நம்மில் யாரும் தன்னைச் சும்மா உட்கார்ந்திருப்பவனாக நினைப்பதில்லை. பனியன் கம்பெனியில் பத்து மணி நேரம் தையல் மெஷினில் குனிந்திருக்கும் டெய்லருக்கு மாலையில் இடுப்பு ஒடிந்துபோகிறது. ஆனால் உடல் செலவழித்த கலோரி, உட்கார்ந்த வேலையின் கலோரிதான். களைப்பு வேறு, செலவு வேறு. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் ஷிப்ட் முழுக்கத் தறிக்கும் தறிக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பவருக்கு 1.55 பொருந்தலாம். மஞ்சள் வெட்டுக்கோ கரும்பு வெட்டுக்கோ தினமும் போகிறவருக்கும், ஃபவுண்டரியில் மோல்டிங் பிடிப்பவருக்கும் 1.725கூடப் பொருந்தும். காலையில் அரை மணி நேரம் ரேஸ் கோர்ஸைச் சுற்றிவிட்டு, மீதிப் பொழுதெல்லாம் காரிலும் நாற்காலியிலும் கழிக்கிற கோவைக்காரர் தனக்கு 1.55 போட்டுக்கொண்டால், அது தனக்குத் தானே எழுதிக்கொண்ட கள்ளக் கணக்கு.

எனக்கு 1.375 என்று எடுத்துக்கொண்டபோது 2,121 வந்தது, 1.2 என்று எடுத்தால் 1,851. இரண்டுக்கும் நடுவே 270 கலோரி இடைவெளி இருக்கிறது. எங்கள் உறவில் 38 வயதுப் பெண் ஒருவர், 156 சென்டிமீட்டர் உயரம், 58 கிலோவுக்கு இறங்கியவர். அவருக்கு அடிப்படைச் செலவு 1,204, பெருக்கினால் 1,445 முதல் 1,655 வரை. ஒரு மனிதருக்கு இத்தனை அகலமான வீச்சைக் கொடுக்கும் சூத்திரத்தை வைத்துக்கொண்டு, நாளைக்கு எத்தனை இட்லி என்று முடிவு செய்ய முடியாது. தொடங்குவதற்கு ஓர் இடம் கிடைக்கிறது, அவ்வளவே.

நம் நாட்டுக்கான எண்களும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் வரும் குன்னூரில் 1918இல் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958இல் ஐதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2020இல் வெளியான பரிந்துரையில், 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு உட்கார்ந்த வேலையானால் 2,110 கலோரியும், நடுத்தர உழைப்பானால் 2,710 கலோரியும் வைத்திருக்கிறது; 55 கிலோ பெண்ணுக்கு அவை 1,660, 2,130. ஒரு மக்கள் கூட்டத்துக்கு உணவுத் திட்டம் போடுவதற்கான சராசரிகள் இவை. டயட் இருந்து இறங்கிய உடம்பைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டவை அல்ல.

இறங்கிய உடம்பு ஏன் தனிக் கணக்கு கேட்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடல் சிறிதானதால் அதைச் சுமந்து திரியும் செலவு குறைகிறது. சாப்பிடுவது குறைந்ததால் செரிமானத்துக்கு ஆகும் செலவும், அதாவது சாப்பிட்டதில் சுமார் பத்தில் ஒரு பங்கு, குறைகிறது. இந்த இரண்டையும் கழித்த பிறகும் இன்னொரு குறைவு மிஞ்சுகிறது. நியூயார்க்கில் ரூடால்ஃப் லைபலும் அவருடைய குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், எடையில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ இறங்கி நிற்பவர்களின் உடல், அந்த அளவு உடலுக்கு எதிர்பார்க்க வேண்டியதைவிடவும் சிக்கனமாகச் செலவழிப்பதை அளந்து காட்டினார்கள். எப்போதும் 70 கிலோவாகவே இருந்த ஒருவரும், 82லிருந்து 70க்கு வந்த நானும் ஒரே தட்டில் ஒரே அளவு சாப்பிட்டால், அவருக்கு நிற்கும், எனக்கு ஏறும். பொறாமைப்பட்டுப் பயனில்லை, கணக்கைத் தனியாகப் போட்டுக்கொள்வதுதான் வழி.

உங்கள் நோட்டிலேயே விடை இருக்கிறது

டயட்டின் கடைசி மாதத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்ற குறிப்பும், தினமும் காலையில் பார்த்த எடையும் உங்களிடம் இருந்தால், எந்தச் சூத்திரத்தையும்விட நம்பத்தக்க எண்ணை அதிலிருந்தே எடுக்கலாம். ஒரு கிலோ உடல்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிப்பு இருக்கிறது. எத்தனை கிலோ இறங்கினீர்களோ, அத்தனை 7,700 கலோரியை உடம்பு தன் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்திருக்கிறது. சாப்பிட்டது வரவு, சேமிப்பிலிருந்து எடுத்தது கைமாற்று, இரண்டையும் கூட்டினால் மொத்தச் செலவு.

முதலில் எடையைச் சரியாகப் பார்க்க வேண்டும். காலையில் எழுந்து, கழிவறை போய்விட்டு, தண்ணீர்கூடக் குடிக்கும் முன், மெஷினைத் தரையில் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கால்மிதியின் மேல் வைத்தால் காட்டும் எண்ணை நம்ப முடியாது. ஒரு நாள் எடைக்கு எந்தப் பொருளும் கிடையாது. என் நோட்டில் ஒரு வாரம் இப்படி இருக்கிறது: 70.4, 70.9, 70.1, 70.6, 70.2, 71.0, 70.3. ஞாயிறு இரவு பிரியாணியின் உப்பு, சனிக்கிழமை வெயிலில் வடிந்த வியர்வை எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்தில் கலந்திருக்கின்றன. ஏழையும் கூட்டி ஏழால் வகுத்தால் 70.5, அதுதான் அந்த வாரத்தின் எடை. அதற்கு நான்கு வாரம் முந்தைய வாரத்தின் சராசரி 71.8. ஆக 28 நாளில் இறங்கியது 1.3 கிலோ. மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு அந்த நாட்களை ஒட்டி நீர் கோத்து எடை கூடிக் காட்டும் என்பதால், ஒரு மாதத்தின் குறிப்பிட்ட வாரத்தை அடுத்த மாதத்தின் அதே வாரத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

இனி கணக்கு. 1.3ஐ 7,700ஆல் பெருக்க 10,010. 28ஆல் வகுக்க, நாளுக்கு 357 கலோரி கைமாற்று. அந்த 28 நாளில் நான் நோட்டில் எழுதிய சாப்பாட்டின் சராசரி நாளுக்கு 1,520. இரண்டும் சேர்ந்து 1,877. சூத்திரம் சொன்ன 2,121ஐ நம்பி அன்றைக்கே அதற்கு ஏறியிருந்தால், நாளுக்கு 244 கலோரி மிகுந்து, முதல் மாதத்திலேயே கிட்டத்தட்ட ஒரு கிலோ சேர்ந்திருக்கும். முதல் முறை எனக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"நோட்டில் எழுதியது உண்மையிலேயே 1,520தானா, கை தவறி விட்டுப்போனது எவ்வளவு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான சந்தேகம். எல்லோரும் சாப்பிட்டதைக் குறைத்துத்தான் எழுதுகிறோம். நானும் ஒருவேளை 1,700 சாப்பிட்டுவிட்டு 1,520 என்று எழுதியிருக்கலாம். ஆனால் இந்த முறையின் சிறப்பே இங்கேதான் இருக்கிறது. கிடைத்த 1,877ம் அதே குறைந்த நாணயத்தில் எழுதப்பட்ட எண். இனிமேலும் அதே கையால், அதே கரண்டியால், அதே பழக்கத்தில் அளந்து எழுதினால், பிழை இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்து கழிபட்டுப் போகும். ஊரார் எண்ணோடு என் எண்ணை ஒப்பிட முடியாது என்பது உண்மைதான், ஆனால் எனக்கு வேண்டியது என் எடை நிற்பது மட்டும்தானே. அளக்கும் முறையை நடுவில் மாற்றினால்தான் ஆபத்து. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டயட்டின் முதல் இரண்டு வாரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அப்போது இறங்குவதில் பெரும்பகுதி நீர். ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து, கிராமுக்கு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது கரையும்போது தண்ணீரும் போய்விடும். கடைசி நான்கு அல்லது ஐந்து வாரமே கணக்குக்கு ஏற்றது.

குறிப்பே எழுதாமல் டயட் முடித்தவர்கள், சூத்திரத்தில் ஒரு படி குறைத்த பெருக்கல் எண்ணை வைத்துத் தொடங்கி, நான்கு வாரம் எழுதிப் பார்த்து, மேலே சொன்ன வகையில் எண்ணைத் திருத்திக்கொள்ளலாம். ஒரு மாதம் தாமதமாகும். வேறு நட்டம் இல்லை.

அரிசிம்பருப்பும் எண்ணெய்க் கரண்டியும்

வீட்டுச் சாப்பாட்டை எப்படி எழுதுவது என்பதுதான் பலரைத் திணற வைக்கிறது. மேல்நாட்டு ஆப்களில் அரிசிம்பருப்பு சாதத்தைத் தேடினால் பொங்கலையோ கிச்சடியையோ காட்டும். நம் வீட்டுக் குக்கரில் வெந்ததற்கு நாமேதான் கணக்குப் போட வேண்டும், அது ஒன்றும் கடினமான வேலை இல்லை.

எங்கள் வீட்டில் நான்கு பேர். ஒரு நாள் இரவு நான் அடுப்படியில் நின்று ஒவ்வொன்றாக எடை போட்டேன். அரிசி 300 கிராம், 1,050 கலோரி. துவரம் பருப்பு 100 கிராம், 330. கடலை எண்ணெய் 30 கிராம், 270. சின்ன வெங்காயம் 150 கிராம், 80. தக்காளி 100 கிராம், 20. இறக்கியதும் விட்ட நெய் 15 கிராம், 135. மொத்தம் 1,885. குக்கரை மூடி இல்லாமல் காலியாக எடை போட்டபோது 1,350 கிராம். சாதம் வெந்த பிறகு 2,950. ஆக உள்ளே இருப்பது 1,600 கிராம், 100 கிராமுக்கு 118 கலோரி. என் தட்டில் 350 கிராம் எடுத்தேன், 413 கலோரி. கதவோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஏஞ்சாமி, சோத்தையுமா எடை போட்டுத் திங்கோணும்?" என்று கேட்டார். ஒருமுறை போட்டால் போதும் என்று அவருக்குச் சொன்னதுதான் உண்மையும்கூட: அதே குக்கரில் அதே அளவில் வைக்கும் சாதத்தை மறுமுறை எடை போடத் தேவையில்லை, 118 என்ற எண் நோட்டில் இருந்தால் போதும். காலிக் குக்கரின் எடையையும் அதன் அடியில் மார்க்கரால் எழுதி வைத்துவிட்டேன்.

மிச்சத்துக்குச் சில எண்களை மனதில் வைத்துக்கொள்ளலாம். அரிசி, கம்பு, சோளம், ராகி எதுவானாலும் உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு 320 முதல் 350 கலோரிக்குள் அடங்கும். சிறுதானியம் என்பதால் கலோரி பாதியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. பசி தாங்குவதால் களியோ கம்மஞ்சோறோ அளவில் குறைவாகப் போதும் என்பதுதான் அவற்றால் வரும் பலன். கொள்ளும் பச்சைப்பயிறும் ஏறத்தாழ 330. அவற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் என்பதால், இறங்கிய எடையில் தசையைக் காக்க வேண்டிய இந்தக் காலத்தில் கொள்ளுப் பருப்பையும் பயிறு கடைந்ததையும் நான் குறைக்கவே இல்லை. முட்டை ஒன்று 70. நடுத்தர வாழைப்பழம் ஒன்று 90 முதல் 100. இளநீர் 100 மில்லிக்கு 20 சொச்சம்தான், பொள்ளாச்சிக்காரர்கள் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் அதே மரத்தின் முற்றிய தேங்காய்த் துருவல் 100 கிராமுக்கு 350க்குக் குறையாது. இடியாப்பம் போன்ற சந்தகைக்குத் தேங்காய்ப் பால் ஊற்றும்போது சந்தகையை எண்ணிவிட்டுப் பாலை மறந்துவிடுபவர்களுக்கு இது நினைவில் இருக்க வேண்டும்.

எண்ணெய் தனிப் பேச்சு. செக்கில் ஆட்டியதோ பாக்கெட்டில் வந்ததோ, கிராமுக்கு 9 கலோரிதான். செக்கு எண்ணெயின் வாசம் வேறு, கலோரி வேறில்லை. வதக்குகிறவர் கைக்கு ஓர் அளவு என்பதால் வேளைக்கு வேளை அளப்பது நடைமுறையில் ஒத்துவராது. அதற்கு மாதக் கணக்கு எளிது. எங்கள் வீட்டுக்கு மாதம் 3 லிட்டர் கடலை எண்ணெய். லிட்டருக்குச் சுமார் 910 கிராம் என்று வைத்தால் 2,730 கிராம், 24,570 கலோரி. முப்பது நாளுக்கும் நான்கு பேருக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளுக்கு 205. வீட்டில் எழுதும் தினசரிக் கணக்கு இந்த 205ஐ நெருங்காவிட்டால், எழுதுவதில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். நான் தாளிப்புக்கு அம்மா பயன்படுத்தும் சின்ன எண்ணெய்க் கரண்டியைத் தராசில் வைத்துப் பார்த்தேன்; ஒரு கரண்டிக்கு 12 கிராம் பிடித்தது. நோட்டின் முதல் பக்கத்தில் "எ.க. 12" என்று எழுதி, அதிலிருந்து கரண்டியை மட்டும் எண்ணிக்கொண்டேன்.

பேக்கரியையும் சொல்லாமல் விட முடியாது. கோவை, திருப்பூர், ஈரோடு முழுக்க முக்குக்கு முக்கு பேக்கரி. டீ குடிக்கப் போனாலும் கை தானாகத் தேங்காய் பன்னுக்கோ பப்ஸுக்கோ போகும். 100 மில்லி பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்த டீ ஒன்று ஏறத்தாழ 100 கலோரி. நாளுக்கு மூன்று டீ என்பது என் 1,877ல் ஆறில் ஒரு பங்கு. நான் டீயை நிறுத்தவில்லை, ஒன்றைச் சர்க்கரை இல்லாமல் குடிக்கப் பழகிக்கொண்டேன்; ஆனால் மூன்றையும் எழுதிவிடுகிறேன்.

ஏற்றும் வாரங்கள்

எண் கிடைத்துவிட்டது, இனி 1,520லிருந்து 1,877க்கு எப்படிப் போவது? வாரத்துக்கு நூறு நூறாக ஏற்றினால் உடம்பின் செலவு தானே உயர்ந்து வரும் என்று ஜிம்களில் சொல்கிறார்கள். அதற்கு வலுவான சான்று கிடையாது. மெதுவாக ஏற்றுவதால் பழக்கம் சிதறாமல் இருக்கும் என்பது மட்டுமே அதில் நான் கண்ட பயன். ஒரே வாரத்தில் ஏறினாலும் தவறில்லை. காலையில் ஓர் இட்லி, மதியம் ஒரு கரண்டி சாதம், மாலையில் ஒரு கைப்பிடி வறுத்த கடலை என்று பிரித்துக்கொண்டால் 357 கலோரி பெரிய விருந்தாகவே தெரியாது.

ஏற்றியதும் எடை மெஷின் பயமுறுத்தும். காலியான கிளைக்கோஜன் நிரம்பும்போது தண்ணீரும் கூடவே வந்து சேரும். குடலில் இருக்கும் உணவின் எடையும் கூடும். ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை முதல் பத்து நாளில் ஏறலாம். எனக்கு ஆறே நாளில் 1.2 கிலோ ஏறியது. இதைப் படித்துத் தெரிந்து வைத்திருந்தும் பயந்துபோய், அடுத்த நாளே 1,400க்கு இறக்கிவிட்டேன். இறங்கிய எடையைக் கண்டு மகிழ்ந்து, திரும்ப ஏற்றி, திரும்பப் பயந்து, மூன்று வாரம் வீணானது. அந்த மூன்று வாரக் குறிப்பை எந்தக் கணக்குக்கும் பயன்படுத்த முடியவில்லை. ஏற்றிய முதல் இரண்டு வாரத்து எடையை எழுதுங்கள், ஆனால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

மூன்றாம் வாரத்தின் சராசரியையும் ஆறாம் வாரத்தின் சராசரியையும் ஒப்பிடுவதுதான் சோதனை. இடையில் 21 நாள். எனக்கு அந்த 21 நாளில் 0.2 கிலோ இறங்கியிருந்தது. 0.2ஐ 7,700ஆல் பெருக்கி 21ஆல் வகுத்தால் 73; ஆகவே 1,877ஓடு அதைக் கூட்டி 1,950 என்று நிறுத்திக்கொண்டேன். கூடுதலாகச் சாப்பிடும்போது செரிமானச் செலவும், நம்மை அறியாத நடமாட்டமும் சற்றுக் கூடுவதால், டயட் நாளில் கிடைத்த எண்ணைவிட உண்மை எண் கொஞ்சம் மேலேதான் இருக்கும், இது எதிர்பார்க்கக்கூடியதே. அதே காலத்தில் 0.4 கிலோ ஏறியிருந்தால், நாளுக்கு 147 கலோரியைக் கழித்திருப்பேன். 0.2க்கும் குறைவான மாற்றத்தைத் திருத்தப் போக வேண்டாம். அளவுப் பிழையே அந்த அளவுக்கு இருக்கும்.

நோம்பி, கிடாவிருந்து, பழனி நடை

ஒரு நாளுக்கு 1,950 என்பதால் ஒவ்வொரு நாளும் 1,950 சாப்பிட வேண்டும் என்பதில்லை. வாரத்துக்கு 13,650 என்று வைத்துக்கொண்டால் வாழ்க்கை இலகுவாகிறது. ஞாயிறன்று கறிக்குழம்பும் பள்ளிபாளையம் சிக்கனுமாக 2,700 போய்விட்டால், மற்ற ஆறு நாளுக்கும் 1,825 மிஞ்சுகிறது. பட்டினி கிடக்கத் தேவையில்லை. மாரியம்மன் நோம்பிக்கு ஊர் முழுக்க ஒப்புட்டும் கச்சாயமும் சுடும் வாரத்திலும், சொந்தத்தில் யாராவது கிடாவெட்டிக் கூப்பிடும்போதும், நோட்டைத் தூக்கிக்கொண்டு பந்தியில் உட்கார முடியாது. அந்த நாளுக்குத் தோராயமாக ஒரு பெரிய எண்ணை, நான் 3,000 என்று எழுதுவேன், போட்டுவிட்டு அடுத்த நாள் வழக்கத்துக்குத் திரும்புவதே போதும். எழுதாமல் விடுவதுதான் தவறு. வெற்றுப் பக்கம் அடுத்த வெற்றுப் பக்கத்தை அழைத்து வந்துவிடும்.

நடைக்கு ஆகும் செலவில் ஏமாற வேண்டாம். 70 கிலோ மனிதர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 245 கலோரி என்று கைக்கடிகாரம் காட்டலாம். அதில் 70 கலோரி அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். நடையால் வந்த கூடுதல் 175 மட்டுமே. அந்த நடை உங்கள் வழக்கமான நாளின் பகுதியாக இருந்தால், 1,950 போன்ற உங்கள் எண்ணுக்குள் அது ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு பப்ஸ் சாப்பிட்டால் ஒரே பில்லுக்கு இருமுறை பணம் எடுத்தது போலாகும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. நாளுக்கு 30 கிலோமீட்டர் நடந்தால் ஆயிரம் கலோரிக்கு மேல் கூடுதல் செலவு; வழிநெடுகக் கிடைக்கும் அன்னதானத்தை வயிறாரச் சாப்பிடலாம். திரும்பி வந்ததும் கால் வீங்கி, நீர் கோத்து, எடை ஏறிக்கூடக் காட்டும். அந்த வாரத்தையும் அடுத்த வாரத்தையும் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும், தைராய்டு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், வளரும் பிள்ளைகளும், சாப்பாட்டை எண்ணத் தொடங்கினால் மனம் அதிலேயே சிக்கிக்கொள்ளும் இயல்புள்ளவர்களும் இந்தக் கணக்கை மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். கருவுற்ற பெண்களுக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனப் பரிந்துரை நாளுக்கு 350 கலோரி கூடுதல், பாலூட்டும் முதல் ஆறு மாதத்துக்கு 600 கூடுதல். அது எடையை நிறுத்திப் பார்க்கும் காலமும் அல்ல.

மறுபடி எப்போது கணக்கிடுவது

1994இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், 13 கிலோவுக்கு மேல் இறங்கி ஓராண்டாவது நிலைத்தவர்களைத்தான் சேர்க்கிறார்கள். அவர்களில் நான்கில் மூன்று பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள். நான் சாப்பாட்டை எழுதுவதை ஆறு மாதத்துக்குப் பின் மாதம் ஒரு வாரம் என்று குறைத்துக்கொண்டேன், எடை பார்ப்பதைக் குறைக்கவில்லை. எனக்கு 69 முதல் 72 வரை ஓர் எல்லை. வாரச் சராசரி அதற்குள் ஆடினால் எதுவும் செய்வதில்லை. எல்லை தாண்டினாலோ, வேலை மாறினாலோ, நடை நின்றுபோனாலோ நான்கு வாரம் எழுதி எண்ணை மறுபடி எடுக்க வேண்டும். வயது ஏறுவதற்காக ஆண்டுதோறும் திருத்த வேண்டியதில்லை. சூத்திரப்படி ஓராண்டுக்கு 5 கலோரிதான் குறைகிறது.

சென்ற சித்திரையில் என் வாரச் சராசரி 72.1 ஆனது. நோட்டைப் புரட்டினேன், சராசரி 1,950தான், ஒரு வேளைகூட விட்டுப்போகவில்லை. நடையும் நிற்கவில்லை. மளிகைக் கடைச் சீட்டைப் பார்த்தபோதுதான் மாதம் 3 லிட்டராக இருந்த கடலை எண்ணெய் இரண்டு மாதமாக 4 லிட்டராக ஆகியிருந்தது தெரிந்தது. ஒரு லிட்டர் கூடுதலை நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளுக்கு 68 கலோரி. இரண்டு மாதத்தில் அரைக் கிலோ. அடுப்படிக்குப் போனேன். பழைய எண்ணெய்க் கரண்டியின் பிடி கழன்றுவிட்டதென்று அம்மா சந்தையில் புதிது வாங்கியிருந்தார். பார்வைக்குப் பழையதைப் போலவேதான் இருந்தது. எண்ணெய் ஊற்றித் தராசில் வைத்தேன், 16 கிராம். நோட்டின் முதல் பக்கத்தில் 12 என்பதை அடித்து, 16 என்று எழுதினேன்.